அந்த வண்டிக்கு நான் வைத்த பேர்

போன ஞாயிற்றுக்கிழமை, பிரேசர் டவுனில் ஒரு சைக்கிள் ஷோரூமில் எனக்குச் சரியான செருப்படி விழுந்தது. அடித்தவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று என்னோடு வந்தவர் செல்வராஜ். ஸ்ரீராம்புரத்தில் எனக்கு எதிர்வீடு. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உள்ளே பாறை சரிந்து இடது இடுப்பு உடைந்த பிறகு, பெங்களூர் வந்து ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். மகள் ஸ்டெல்லா இந்த வருஷம் பி.யூ.சி., அதாவது பிளஸ் ஒன், சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு சைக்கிள் வாங்கத்தான் போனோம்.

சைக்கிள் அவர் வீட்டிலேயே இரண்டு இருக்கிறது. அங்கேதான் விஷயம்.

காலைத் தூக்கிப் போட்டு சைக்கிள் ஏற அவரால் முடியாது. லேடீஸ் சைக்கிள் ஓட்டக் கூடாதா என்பீர்கள். மனிதர் ஆறடி, முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். அதனால் நாலைந்து வருஷம் முன்பு ஒரு பழைய சைக்கிளை அறுத்து, குறுக்கு பாரைத் தாழ வளைத்து, பெடலை ஒரு சாண் முன்னே தள்ளி, நீளமாக ஒரு ஹேண்டில்பார் வைத்துப் பற்றவைத்தார். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம்.

முதல் நாள் தெருவில் ஓட்டி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாசலில் நின்றிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

“என்ன செல்வராஜ், நொண்டி வண்டியா?”

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒரே வாரத்தில் பேர் ஒட்டிக்கொண்டது. கன்னடப் பிள்ளைகள் ‘குண்ட்ட காடி’ என்று மொழிபெயர்த்தும் விட்டார்கள். என் எழுத்தில் வேறு எதுவும் இன்றுவரை கன்னடத்துக்குப் போனதில்லை.

மகளுக்கும் அதே மாதிரி சின்னதாக ஒன்று செய்து கொடுத்தார். ஒரே ஒரு நாள் பள்ளிக்கு ஓட்டிப் போனாள். சாயங்காலம் அழுதுகொண்டே தள்ளிக்கொண்டு வந்தாள். அப்புறம் மூன்று வருஷம் நடைதான் — வெயிலோ மழையோ. அப்பா அந்த வண்டியில் எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அதையும் நான் வாசலில் நின்று பார்த்தேன்.

சரி, ஷோரூமுக்கு வருவோம். நானும் ஸ்டெல்லாவும் பஸ்ஸில் போனோம். செல்வராஜ் தன் வண்டியில் வந்தார். அதை இரண்டு கடை தள்ளி நிறுத்தச் சொன்னாள் மகள். உள்ளே நுழைந்தால்... கண்ணாடிக்குப் பின்னால், நட்டநடுவில், வானநீலத்தில், அதே வண்டி. அதே வளைவு. அதே முன்னே தள்ளின பெடல். மேலே பெரிய கம்பெனி ஸ்டிக்கர்.

“நியூ மாடல் சார். ஃபாரின்ல அங்கங்க சில பேர் ஆசைக்குப் பண்ணி ஓட்டிட்டிருந்தாங்க. இப்ப கம்பெனியே இறக்கிட்டாங்க. கம்ஃபர்ட் பைக்குன்னு பேரு,” என்றார் சேல்ஸ்மேன்.

ஸ்டெல்லா ஹேண்டில்பாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “அப்பா, இதுதான்ப்பா.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “இதை இவரு அஞ்சு வருஷம் முந்தியே பண்ணிட்டாருங்க, தெரியுமா?” என்றேன். சேல்ஸ்மேன் செல்வராஜின் காலைப் பார்த்தார்; மரியாதையாகச் சிரித்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அங்கிள், ப்ளீஸ்... அதெல்லாம் இங்க வேணாம்.”

செல்வராஜ் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. குனிந்து, பற்றவைத்த இடங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “வளைவு நல்லா எடுத்திருக்கான். இதையே குடுங்க,” என்றார்.

கம்பெனிக்காரர்களைக் கிழிகிழி என்று கிழிக்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? செல்வராஜ் என்று ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து யோசித்து ஒரு நல்ல பேர் வைத்தார்கள். அதைக்கூட நான் செய்யவில்லையே.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா ஏறி உட்கார்ந்து, மணியை அடித்துப் பார்த்துவிட்டு, கிளம்பிவிட்டாள். செல்வராஜ் தன் வண்டியில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்தபடி, அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அன்னிக்கு நீங்களும் கம்ஃபர்ட்டுன்னு சொல்லியிருக்கலாம் சார்.”