எமரால்டு அடுப்பில் இரண்டு குரோமியக் கம்பிகள்

இந்த ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள எமரால்டுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவி கவிதா உலோக ஆராய்ச்சியாளர். கடுஞ்சூட்டிலும் தொய்யாத குரோமியக் கலவையைச் செய்வதுதான் நான்கு வருடமாக அவள் வேலை. சாண் நீளத்தில் அவள் செய்த இரண்டு கம்பிகள், அங்கே ஒரு தேயிலை பாக்டரியின் விறகு அடுப்புக்குள் மழைக்காலத்திலிருந்து செங்கல் சுமந்து வெந்துகொண்டிருந்தன. டாண்டலம் என்ற உலோகத்தை அதிகம் சேர்த்த முதல் கம்பிதான் அவளுடைய செல்லம். அது வளைந்திருந்தால் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்தில் திட்டத்தையே மூடிவிடுவார்கள். குறைவாகச் சேர்த்த இரண்டாவது, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது.

கோவையில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து, ஒன்பது மணிக்கு ஊட்டி. அங்கிருந்து எமரால்டு இருபது கிலோமீட்டர் சொச்சம். காத்திருந்து திரும்ப டாக்ஸிக்கு 1,500 ரூபாய். கவிதா வழியெல்லாம் தன் குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டு வந்தாள். நானும் நல்ல பிள்ளையாக கேரட் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உறைபனியில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டதால் பாக்டரி ஓடுவதே சந்தேகம் என்றார் டிரைவர்.

அப்படியே ஆயிற்று. இலை வராமல் அடுப்பு அணைந்து ஆறிக் கிடந்தது. அடுப்பைக் கவனிக்கும் செல்வராஜ் அண்ணன் கம்பிகளை வெளியே எடுத்து வைத்திருந்தார். இரண்டாவது லேசாக வளைந்திருந்தது. முதல் கம்பி வைத்தது வைத்தபடி நேராக இருந்தது. கவிதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அடுப்படியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்பியையும் சாம்பல் கட்டியோடு அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார்கள். சுத்தியலால் தட்டி உதிர்த்துத்தான் கொடுப்பார்கள். அதுதான் மரியாதை. செல்வராஜ் அண்ணன் முதல் கம்பியை ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி மாதிரி இரண்டாகப் போயிற்று.

"மெதுவாத்தானுங்க மேடம் தட்டுனேன்," என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர்மேல் தப்பில்லை என்று கவிதா சமாதானம் சொன்னாள். குரோமியம் சூட்டில் தாங்கும், ஆறினால் நொறுங்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் உள்ளே புகுந்தால் இன்னும் மோசம். இதெல்லாம் தெரிந்ததுதான், இவ்வளவு லேசான தட்டுக்கே போகும் என்றுதான் நினைக்கவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினாள்.

பிறகு இரண்டாவது கம்பியையும் அதேபோலத் தட்டச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கித் தட்டினார். சாம்பல் உதிர்ந்தது, கம்பி உடையவில்லை. பலமாகத் தட்டச் சொன்னாள். அப்போதும் உடையவில்லை.

வெளியே வந்ததும், முதல் கம்பி வளையவில்லை என்று மட்டும் அறிக்கையில் எழுதிவிடேன், அவர்கள் கேட்டது அவ்வளவுதானே என்றேன்.

"ஏனுங்க, அடுப்பு அணையற நாளும் வருமில்லீங்க," என்றாள். "ஒடைஞ்சதையும் எழுதோணும். மூடுனா மூடட்டும். தொடர உட்டாங்கன்னா, இனி ரெண்டாவதத்தான் பலப்படுத்தோணும்."

ஜனவரியில் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். பாக்டரி பார்க்கும் ஆசை இருந்தால், அடுப்பு எரிகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலையிறங்கும்போது வளைந்த கம்பி என் பையில் இருந்தது. உடைந்த இரண்டு துண்டுகளையும் கவிதா சால்வையில் சுற்றி, மேட்டுப்பாளையம் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.