கணவனின் சம்மதத்துடன்

நெல்லியடியில், பத்திரம் எழுதிப் பதியும் நொத்தாரிசு பஞ்சலிங்கத்தின் கந்தோரில் கனகரத்தினம் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கர். கடையை விற்பவரும் வாங்குபவரும் முடிவாக எழுதுவதற்கு முன் செய்துகொள்ளும் முன்னொப்பந்தங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். பேக்கரி, சுருட்டுக் கொட்டில், சைக்கிள் கடை என்று எத்தனையோ கைமாறிவிட்டன. விற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டதில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. முதுகு நோகும், கண் எரியும், பேனை மட்டும் தன்பாட்டில் ஓடும்.

அப்படி ஓடியதுதான் வினையாயிற்று.

1972 மார்கழியில் அச்சுவேலியிலிருந்து குணலட்சுமி வந்தாள். தகப்பன் சீதனமாகக் கொடுத்த காணித்துண்டும் அதில் நின்ற மா அரைக்கும் மில்லும் அவளுடையவை. கணவன் முத்துக்குமாரு ஒன்பது வருடத்துக்கு முன் மன்னாருக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்டான்.

"இனி ஏலாது ஐயா. மா நெஞ்சுக்குள்ளை போய் அடைக்குது. மில்லை விடாட்டில் ஆள் தப்பாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றாள்.

வாங்க இருந்தவர் தியாகராசா. அவருக்குக் கரவெட்டியில் சொந்தக் கட்டடம் இருந்தது. யந்திரம் மட்டும் போதும், ஆனால் தைப்பொங்கலுக்குள் வேண்டும். பிந்தினால் வேறிடம் பார்ப்பார்.

அன்றைக்கு அது கனகரத்தினத்துக்கு ஐந்தாவது கடதாசி. யந்திரம், பெல்ற், தராசு, இரண்டு மைலுக்குள் அவள் வேறு மில் போடுவதில்லை என்ற வாக்கு, எல்லாம் எழுதினார். பிறகு, மணமான பெண்கள் எதை விற்றாலும் கடதாசியில் வழக்கமாக எழுதுகிற வரியை இதிலும் எழுதினார்: "கணவன் முத்துக்குமாருவின் சம்மதத்துடன்." தேசவழமை என்ற யாழ்ப்பாணச் சட்டப்படி மனைவி தன் காணியை விற்கவும் கணவன் கையெழுத்து வேண்டும். இங்கே காணி விற்கப்படவில்லை என்பது அந்தக் களைப்பில் அவருக்கு உறைக்கவில்லை. அவரை நம்பிய குணலட்சுமி, கையெழுத்து வாங்கக் கடதாசியை மன்னாருக்குத் தபாலில் அனுப்பினாள்.

ஒன்பது வருடமாக ஒரு வரி எழுதாத மனிதன் நாலாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினான். மில் வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "என்ரை கையெழுத்தில்லாமல் ஒரு சாமானும் வெளியிலை போகாது. பாதிக் காசு எனக்கு" என்றான்.

அவள் கந்தோருக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கனகரத்தினத்தை ஒரு சொல் குறைசொல்லவில்லை. இருமினாள். அந்த இருமலைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நேரே உள்ளே போய், நொத்தாரிசிடம் தன் பிழையைச் சொன்னார்.

"யந்திரம் நிலத்தோடை பூட்டியிருக்கோ?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"ஓம். சிமெந்துத் தரையிலை நாலு நட்டு."

"அப்பிடி இருக்குமட்டும் அது காணியோடை சேர்ந்ததெண்டு அவன் வழக்காடுவான். முதல்லை கழட்டச் சொல்லும். கழட்டினால் அது வெறும் சாமான். சீதனச் சாமானை அவள் தனிய விக்கலாம். அந்த வரியையும் வெட்டிவிடும்."

அடுத்தநாள் காலை, நோகிற முதுகோடு கனகரத்தினம் அச்சுவேலிக்குப் பஸ் ஏறினார். தான் எழுதிக்கொடுத்த வியாபாரம் ஒன்றை அவர் நேரில் பார்த்தது அன்றுதான். கழற்றினாலும் தன் கையெழுத்தில்லாமல் எதுவும் போகாதென்ற நம்பிக்கையில் முத்துக்குமாரு கதிரையில் இருந்தான். குணலட்சுமி ஸ்பனரோடு தரையில் குந்தியிருந்தாள். மூன்று நட்டுக் கழன்றுவிட்டது. நாலாவது துருப்பிடித்து மல்லுக்கட்டியது. கனகரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து ஸ்பனரைப் பிடித்தார். அரைமணித்தியாலம் போராடித்தான் அது கழன்றது.

புதிதாக எழுதிய கடதாசியில் அவளும் லொறியோடு வந்த தியாகராசாவும் மட்டும் கையெழுத்து வைத்தார்கள். யந்திரம் லொறியில் ஏறிப் போயிற்று.

"அப்ப நான் எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்றான் முத்துக்குமாரு.

"ஒரு இடத்திலையும் வேண்டாம். எழும்புங்கோ, அந்தக் கதிரையும் என்ரை சீதனம்."

அவன் எழும்பினான். அவள் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கனகரத்தினத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்கள் இருங்கோ ஐயா. நல்லாக் களைச்சுப்போனியள்."