ராணி சத்திரத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகள்

எனக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. நீடாமங்கலம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்த ஆறு வருடமும் அப்படித்தான். செவ்வாயில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். பெண் பார்க்க வரமாட்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். ஆக, என்னை யாரும் எதற்கும் கூப்பிடாததற்குக் கிழமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. உண்மையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்திருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், அப்புறம் தட்டிப்போவதற்கும் ஒன்றும் வராமல் நின்றுவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் அறை. சட்டையெல்லாம் பெருங்காய வாசனை அடிக்கும். செவ்வாய்க்கிழமை அந்த அறையில் கிடந்தால் உத்தரத்தைத்தான் பார்க்கவேண்டும். அதற்குப் பயந்துதான் ஊர் சுற்ற ஆரம்பித்தேன். சரித்திரத்தில் ஆர்வம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய்.

கோயில்களுக்குப் போகவில்லை. கோயிலில் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள், அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்பார். ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப் போனேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கோட்டையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் மனோரா ஏறினேன். நெப்போலியன் எங்கோ தோற்றான் என்ற சந்தோஷத்தில் தஞ்சாவூர் ராஜா கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. அனுபவிப்பதெல்லாம் வௌவால்கள். கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் மொட்டையைச் சுற்றி வந்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றபோது, "பாத்தியா, என்ன அலை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு வாங்கினேன். பார்த்ததை யாரிடமாவது சொல்லவேண்டுமே. காலடியால் அளந்து, நீளம் இத்தனை, அகலம் இத்தனை, தூண் இத்தனை என்று எழுதிவைப்பேன். கணக்கு எழுதி எழுதிப் பழகிய கைக்கு வேறு எப்படி எழுத வரும்?

அந்த ஐப்பசியில் மறுபடியும் கோடியக்கரைக்குக் கிளம்பினேன். மன்னார்குடி தாண்டி, திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. கண்டக்டர் ஸ்டெப்னியும் பஞ்சர் என்று சிரித்துக்கொண்டே அறிவித்தார். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல். ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஆலமரம் முளைத்த சுவர் ஒன்று தெரிந்தது. கேட்டதற்கு, "ராணி சத்திரம் சார், உள்ள ஒண்ணும் இல்ல" என்றார் கண்டக்டர். வேதாரண்யத்துக்கு நடந்து போன யாத்திரைக்காரர்கள் தங்குவதற்காக மராட்டிய ராணி ஒருத்தி கட்டியதாம். ஒன்றும் இல்லாத இடம்தானே என் இடம் என்று இறங்கி நடந்தேன்.

மேற்குக் கூடத்துக்கு மட்டும் கூரை பாக்கி இருந்தது. வழக்கம்போல அடிவைத்து அளந்தேன். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு தூணைத் திரும்பினால், அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொடியில் சேலை காய்ந்தது. என் வயதை ஒத்த ஒரு பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. ஆள் இருக்கிறது தெரியாது. நீங்க உக்காருங்க" என்றேன்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் அவளைப் போன்ற சேரிக்காரர்களுக்கு யாரும் 'ங்க' போடுவதில்லை. குழந்தைகூட வாடி, போடி என்றுதான் கூப்பிடும்.

தண்ணீர் கேட்டேன். அவள் தயங்கினாள்.

"எங்க வீட்ல குடிப்பீங்களா சார்?"

"தாகம் எடுக்குதே. குடிக்காம?"

சொம்பைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள். நான் வாய் வைத்தே குடித்தேன். அது எனக்குப் பெரிய காரியம் இல்லை. மாடி அறையில் நான் குடிக்கும் சொம்பு அதைவிட மோசம். அவளுக்கு அது பெரிய காரியமாகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பேச ஆரம்பித்தாள். பரம்பரையாகப் பண்ணையில் இருந்தவர்கள். புருஷன் சங்கத்தில் சேர்ந்து அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து வயலில் இறங்காமல் நின்றான். பண்ணை வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தது. அடிதடி, போலீஸ் லாரி எல்லாம் வந்தது. கடைசியில் இவர்கள் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சட்டி பானையோடு இந்தச் சத்திரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது.

இந்த மாதிரிச் செய்திகள் எனக்குத் தெரியாதவை அல்ல. டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே சில நாள் செங்கொடி போகும், சில நாள் போலீஸ் போகும். எதற்காகவும் நான் ஜன்னலைச் சாத்தியதில்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை.

அவள் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஹாரன் கேட்டு நான் எழுந்தபோது கேட்டாள்.

"எங்களை எழுதிட்டீங்களா சார்?"

உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று அப்போதுதான் எழுதியிருந்தேன்.

"எழுதிட்டேன்" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சத்தியமாக, எதற்கென்று எனக்கு அன்று புரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நேராகச் சத்திரத்துக்கே போனேன். கோடியக்கரை போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேதாரண்யம் வரை டிக்கெட் வாங்கி, பாதியில் இறங்கினேன். வாய்க்காலைத் தாண்டும்போதே அவள் பார்த்துவிட்டு, "வாங்க சார், வாங்க!" என்றாள். அந்த 'வாங்க'வை என் காதால் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது? ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

புருஷனும் இருந்தான். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவன். எனக்காக ஒரு சாக்கை உதறி விரித்தான். பழைய சோறும் சுட்ட கருவாடும் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அவன் மெதுவாக ஆரம்பித்தான். புறம்போக்கில் குடியிருக்கிறவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கப்போகிறார்கள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சர்க்கார் எழுதுகிறது.

"ஊர்க் கணக்குப்பிள்ளை பண்ணைக்கு வேண்டியவரு சார். எங்க பேரை எழுதுவாரான்னு பயந்துக்கிட்டே கெடந்தோம். நல்லவேளை, மேலேருந்து நீங்களே நேரா வந்து எழுதிட்டீங்க."

அப்போது புரிந்தது. வேலை நாளில், சட்டைப் பையில் பேனாவோடு, காலடியால் தரையை அளந்துகொண்டு வந்து, சேரிக்காரி கையில் தண்ணீர் வாங்கிக் குடித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போகிறவன் வேறு யாராக இருக்க முடியும்? புது ஆட்சியில் ரெவின்யூ ஆபீசர்கள் அப்படித்தான் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் படமெல்லாம் வந்துகொண்டிருந்த காலம். சும்மா பொழுது போகாமல் ஒருவன் இடிந்த சத்திரத்தைப் பார்க்க வருவான் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? எனக்கே அது நம்பும்படி இல்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். "ஐயோ, நான் அந்த ஆள் இல்லப்பா" என்று ஐந்து வார்த்தை. வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் சாக்கைச் சுருட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அந்தச் சாக்கில் உட்கார எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"பாத்துக்கலாம்" என்றேன். இந்த ஒரு வார்த்தையைப் போல் ஆளைக் கெடுப்பது வேறில்லை. சொன்னவன் மறந்துவிடுவான், கேட்டவன் அதை வைத்தே கூரை போட்டுவிடுவான்.

அடுத்து வந்த செவ்வாய் எல்லாம் மழை. ரயில்பாதையில் தண்ணீர் ஏறி, ஓய்வு நாளிலும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அறையில் படுத்துக்கொண்டு, அங்கே மேற்குக் கூடம் ஒழுகுமா என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்ள ஒரு வீடு இருப்பது சந்தோஷமாகக்கூட இருந்தது. என் புத்தி அவ்வளவுதான் அப்போது.

கார்த்திகை பிறந்த பிறகுதான் போக முடிந்தது. புருஷன் வேதாரண்யம் உப்பளத்தில் கரை கட்டும் வேலைக்குப் போயிருந்தான். அவள் மட்டும் இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கணக்குப்பிள்ளை போன வாரம் தண்டோரா போட்டாரு சார். சாவடிக்கு வந்து பேர் குடுங்க, வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுதுன்னு. ஊரே ஓடிச்சு. நாங்க போவல."

"ஏன் போகலை?"

"அதான் நீங்க எழுதிட்டீங்களே!"

அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை! பண்ணைக்கு வேண்டியவர் முன்னால் போய்க் கைகட்டி நிற்காமல் காரியம் முடிந்துவிட்டது என்ற பெருமை.

"ஒரு தடவை தாலுகா ஆபீஸ் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. யாராவது ஒருவரைப் பிடித்துப் பெயரைச் சேர்த்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று ஒரு நப்பாசை. அவள் நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்களிடம், "எங்க சார் கூட்டிட்டுப் போறாங்க, பட்டா விசயமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்க சார். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் அந்தப் பிரிவைப் பார்க்கும் குமாஸ்தா நல்ல மனிதர்தான். எங்களை நிற்கவைக்காமல் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த ஊர் லிஸ்ட் நேத்தே தஞ்சாவூர் போயிடுச்சே சார். வெள்ளிக்கிழமை கடைசி. எல்லாரும் குடுத்துட்டாங்க, நீங்க எங்க போயிருந்தீங்க?" கடைசிக் கேள்வி அவளைப் பார்த்து.

"சார் எழுதிக்கிட்டாங்க" என்று அவள் என்னைக் காட்டினாள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார் எந்த ஆபீஸ்?"

இனி ஒளிய இடமில்லை. "நீடாமங்கலம் ஸ்டேஷன். புக்கிங் கிளார்க்" என்றேன்.

"ரயில்வேயா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "ரயில்வேக்காரருக்குப் பட்டாவுல என்ன சார் வேலை?"

என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஜமாபந்தியில், அதாவது வருஷக் கணக்குப் பார்க்க அதிகாரிகள் வரும்போது, மனு கொடுக்கலாம். அது அடுத்த கோடையில்தான் வரும். அதுவரைக்கும் சத்திரம் இருக்குமா என்று சொல்ல முடியாது. இடித்துவிட்டு நெல் கிடங்கு கட்ட உத்தரவு வந்திருக்கிறது. லிஸ்டில் பெயர் இருந்தால் மாற்று மனை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எதற்கும் இப்போதே ஒரு மனு எழுதி வைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே. வாயைத் திறந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் குடித்தேன், சோறு தின்றேன், அவள் வீட்டுத் தூண் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் தெரியாது. அவள் புருஷன் பெயரும் தெரியாது. கேட்கவேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார். பிறகு அவளே முன்னால் வந்து, தன் பெயரையும் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் ஒவ்வொன்றாக, அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள்.

வெளியே வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டைவிரல் மையைச் சுவரில் துடைத்துக்கொண்டே, அதே மரியாதையோடு கேட்டாள்.

"எழுதிட்டேன்னீங்களே சார். பேரே கேக்கலையே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மன்னார்குடி பஸ் வந்ததும் ஏறி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.