இரவல் கொடுத்த குடும்பப் பெயர்

எங்கள் குடும்பப் பெயருக்குப் புதிய வீடு என்று அர்த்தமாம். அறுபது வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. அவுஸ்திரேலியாவில் இருக்கிற ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்லித்தான் தெரிந்தது. அவரும் அதே பெயர்க்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவருடைய பாட்டன் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போனவராம், பிள்ளைகள் அங்கிருந்து கப்பலேறினார்களாம். ஓய்வுபெற்ற ஆண்களுக்குப் பொழுது போகாவிட்டால் சிலர் தோட்டம் செய்வார்கள், சிலர் மனைவியைப் பாடாய்ப் படுத்துவார்கள். இவர் பெயரைத் துரத்திக்கொண்டு திரிகிறார்.

அவர் எழுதியதை அப்படியே நம்பினால் கதை இதுதான். ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கிற மலைப்பக்கத்தில் பாஸ்க் என்று ஒரு சனம் இருக்கிறது. சுற்றியிருக்கிற எந்த மொழியோடும் ஒட்டாத ஒரு மொழி பேசுகிறவர்கள். அவர்களிடம் குடும்பப் பெயர் என்பது வீட்டின் பெயர். ஒரு வீட்டில் யார் வாழ்கிறார்களோ அவர்களுக்கு அந்த வீட்டின் பெயர். பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருகிற மருமகனையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போனவர்கள் ஆர்ஜென்டினாவிலும் சிலியிலும் பரவினார்கள். போர்த்துக்கேயருடைய கப்பலில் ஏறிய பெயர் கோவாவில் இறங்கி, கடைசியில் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் ஓர் உலகப் படமும் அனுப்பினார். பெயர் இருக்கிற இடமெல்லாம் புள்ளி. மெல்பேர்னில் நிறைய. ரொறன்ரோவில் என் அண்ணன் ஒரு புள்ளி. மட்டக்களப்பில் இரண்டு, என் அப்பாவும் பெரியப்பாவும். இருவருமே செத்துப்போனவர்கள். நான் இதே ஊரில் கல்லுப்போல் இருக்கிறேன், எனக்குப் புள்ளி இல்லை. ஏன் என்று கேட்டேன். பெண்கள் பெயரை முன்னெடுத்துச் செல்வதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் ஒரு தமிழ் வாத்தியாரைக் கட்டியவள், பிள்ளைகளுக்கு அவர் பெயர். அதனால் நான் வரைபடத்திலிருந்து எப்போதோ விழுந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு படிவம் வந்தது. மட்டக்களப்பில் இந்தப் பெயருள்ள வேறு ஆண்கள் இருந்தால் பிறப்பு, பெற்றோர், இறப்பு எல்லாம் நிரப்பி அனுப்பவேண்டும். அதை நான் மாமிக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

மாமி அப்பாவின் தங்கை. எழுபத்தெட்டு வயது, கண் மங்கல், என்னோடுதான் இருக்கிறார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். ஆனால் எந்தக் கடதாசியிலும் அவன் அவருடைய மகன் இல்லை, என்னுடைய தம்பி.

மாமி கட்டியது வவுணதீவில் ஒரு தமிழரை. வயல்காரர், வயல்வட்டையே கதியென்று கிடந்தவர். மாமி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நடந்த ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர் வரவில்லை. மாமி வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரடங்கு போட்டிருந்த ஒரு நாளில், ஆசுபத்திரிக்குப் போக வழியில்லாமல், எங்கள் வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி வந்து பார்த்தார்.

மட்டக்களப்புத் தமிழருக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரான எங்களுக்குப் பெயர் தகப்பன்வழியாக வரும். தாய் பறங்கி, தகப்பன் தமிழன் என்று பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கத்துக் கதவும் சாத்தியிருக்கும். தமிழர் கோயிலில் குடிகுடியாகக் கூப்பிடும்போது அவனுக்கு முறை வராது, எங்கள் ஆட்கள் கூடும் இடத்திலும் அவனுக்குப் பெயர் இராது. சாதாரண காலத்தில் அது ஒரு மனக்குறையோடு போயிருக்கும். எங்கள் காலம் சாதாரணமாக இருக்கவில்லை.

அப்பா தச்சுவேலைக்காரர். வேலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் தினமும் இறங்குவார். சிப்பாய் அடையாள அட்டையில் குடும்பப் பெயரைப் பார்ப்பான். "லன்சித?" என்பான், பறங்கியா என்று சிங்களத்தில் கேட்கிறான். அப்பா தலையாட்டினால் போகச் சொல்லிவிடுவான். கூட வந்த தமிழ்ப் பொடியன்கள் வெயிலில் குந்தியிருப்பார்கள். சிலர் வேலைக்கு வந்து சேர்வார்கள், சிலர் வரமாட்டார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா அந்த முடிவை எடுத்திருக்க வேண்டும். பிறப்பைப் பதியப் போனவர் பிள்ளையைத் தன் மகன் என்றும் என் அம்மா பெற்றதென்றும் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தார்.

"நாப்பத்தஞ்சு வயசில என்னைப் பிள்ளை பெறவச்சிட்டீங்க. நல்ல காலம், நோவு இல்ல," என்று அம்மா சிரித்தார். மாமியும் சிரித்தார். எல்லோருக்கும் அன்று நிம்மதியாக இருந்தது. ஞானஸ்நானத்தின்போது அம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றார், பெற்ற மாமி பக்கத்தில் ஞானத்தாயாக நின்றார். தேவாலய ஏட்டில் மாமிக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

பொய்யைப் பதிவது லேசு, அதற்குள் குடியிருப்பதுதான் கஷ்டம். பிள்ளை பேசத் தொடங்கி மாமியைப் பார்த்து "அம்மா" என்றபோது மாமி அவன் வாயில் மெதுவாகத் தட்டினார். "மாமி எண்டு சொல்லு," என்றார். வீட்டுக்குள்ளேயும் விடமாட்டார். உள்ளே பழகினால் வெளியே வந்துவிடும் என்று பயம். கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தவர், கதவைத் திறந்ததும் மாமியாகிவிடுவார். பதினாலு வயதில் அவனுக்கு அவரே உண்மையைச் சொன்னார். மூன்று நாள் அவன் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. நாலாம் நாள், "மாமி, சோறு போடுங்க," என்றான். ஒரே ஒரு முறை மத்தியானம் கடும் காய்ச்சலில் கிடந்து "அம்மா" என்று முனகினான். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எழுந்து ஓடினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அறை வாசலில் நின்றுவிட்டார், மாமி உள்ளே போனார்.

பெயர் வேலை செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்து வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலைக்குப் போனான். வலையிறவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எத்தனையோ தரம் மற்றவர்களை இறக்கி வைத்துக்கொண்டு அவனைப் போகவிட்டார்கள். அவனுக்கு அது வெட்கமாக இருந்தது. "என்னோட வாறவனுகளை இருத்திப்போட்டு என்னை மட்டும் போ எண்டுறான், மூஞ்சைக் கொண்டுபோய் எங்க வைக்கிற?" என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து கத்தினான். "வெட்கம் உசிரோட இருந்தாத்தான் வரும். சாப்பிடு," என்றார் மாமி.

பதினேழு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பழுகாமத்தில் ஒரு வீட்டு வேலைக்கென்று சைக்கிளில் போனான். வழியில் இலக்கத்தகடு இல்லாத வேன் ஒன்று மறித்ததாம். கண்டவர்கள் சொன்னது அவ்வளவுதான். இறங்கியவர்கள் அவனை அடையாள அட்டை கேட்கவில்லை. பெயரை யாருமே பார்க்கவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

முதலில் அப்பாவும் அம்மாவும் முறைப்பாட்டுக்கு அலைந்தார்கள். அவர்கள் கண்ணை மூடிய பிறகு நான், அக்கா என்ற முறையில். எந்த விசாரணைக்குப் போனாலும் மாமி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூட வருவார். ஒருமுறை காணாமற்போனோர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி, நல்ல மனிதர், என்னிடம் கேட்டார், "தாய் வரேல்லையா?" நான் சொன்னேன், "தாய் செத்திட்டா." மாமி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் இருந்த தாயைச் செத்துவிட்டாள் என்று சொன்ன வாய் இது. "இவ ஆர்?" என்று கேட்டார். "மாமி," என்றார் மாமி.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்த்தோம். பிறப்பு அத்தாட்சி பொய் என்றால் அந்தப் பெயரில் ஓர் ஆள் பிறக்கவே இல்லை, பிறக்காத ஆள் காணாமற்போக முடியாது, கோப்பு அப்படியே நின்றுவிடும் என்றார். அவர் சொன்னது சரியோ பிழையோ, மாமி பயந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தப் படிவத்தை வாசித்ததும்தான் மறுபடி எடுத்தார்.

"மகள், அந்தக் கடதாசி பொலிசுக்குப் போகுமா?"

"இல்ல மாமி. அந்த மனிசன்ட சொந்த விளையாட்டு."

"அரசாங்கக் கச்சேரிக்கு?"

"இல்ல."

"அப்ப அதில உண்மையை எழுது. ஒரு இடத்திலயாவது நான் பெத்தவள் எண்டு கிடக்கட்டும்."

எழுதினேன். தகப்பன் வவுணதீவு வயல்காரர், தாய் என் மாமி. ஏன் இந்தப் பெயர் வந்தது, அவனுக்கு என்ன நடந்தது, எல்லாம் எழுதினேன். மாமி என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாய் என்ற இடத்தில் தன் பெயர் வந்தபோது இரண்டு தரமும் தலையை ஆட்டினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் தகப்பன் இந்தப் பெயர் கொண்டவர் அல்ல என்பதால் இவரைச் சேர்க்க இயலாது, மன்னிக்கவும்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வீட்டில் வாழ்ந்தவனுக்கு வீட்டின் பெயர் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், இவன் எங்கள் வீட்டில் பிறந்தவன், எங்கள் கூரையில் ஏறி ஓடு மாற்றியவன், அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை தூக்கிப் பார்த்திருக்க வேண்டியவன் என்று எழுதினேன். அது பழைய காலத்து வழக்கம், இந்த ஆய்வு ஆண்வழியை மட்டுமே பின்பற்றுகிறது என்றார். இத்தனைக்கும் ஒரு மாதத்துக்கு முன் அவரே இன்னொன்றையும் எழுதியிருந்தார். இங்கே இந்தப் பெயரை முதலில் வைத்திருந்தவர் அந்த மலையிலிருந்து வந்தவராக இராது, ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனின் பெயரை வாங்கிய உள்ளூர் ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்று. அந்த இரவலுக்கு மட்டும் வயதாகிவிட்டதால் மரியாதை. எங்கள் இரவல் புதிது, அதனால் பொய்.

மாமியிடம் நான் மூன்று நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டார். நாலாம் நாள் சொன்னேன். முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தவர் உருவிக்கொண்டே இருந்தார். சுளகு நிறைந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவன்ட புள்ளி இல்லையா?"

"இல்ல."

"மறுகா எழுது. உன்ட அம்மா பெத்தது எண்டு எழுது."

"மாமி, ஒரு இடத்திலயாவது உண்மை இருக்கட்டும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அவன் இல்லாத உண்மை எனக்கென்னத்துக்கு?"

நான் அழுதேன், அவர் அழவில்லை. அழுது முடிந்ததும் எழுதினேன். முதல் அனுப்பிய தகவல் தவறு, என் மாமிக்கு வயதாகி நினைவு தடுமாறிவிட்டது, அவருக்குப் பிள்ளைகள் இல்லை, இவர் என் சொந்தத் தம்பி, பிறப்பு அத்தாட்சியின் படத்தை இணைத்திருக்கிறேன். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை என்ற வரியை அவருக்கு வாசிக்காமல் தாண்டினேன். "எல்லாத்தையும் வாசி," என்றார். வாசித்தேன். "சரி, அனுப்பு," என்றார். இறந்த திகதி என்ற இடத்தை நிரப்பக் கூடாது என்று மட்டும் சொன்னார். விட்டுவிட்டேன்.

அத்தாட்சியைக் கண்டு அந்த மனிதருக்குப் பரம சந்தோஷம். ஆவணம் இருந்தால் சந்தேகமே இல்லை என்று எழுதி, அன்றைக்கே புதிய படத்தை அனுப்பினார். வாவிக்கரையில் மூன்று புள்ளிகள். அப்பாவும் பெரியப்பாவும் சாம்பல் நிறம், அவன் பச்சை. மாமி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் இவனுக்கு மட்டும் பச்சை?"

"உசிரோட இருக்கிறாக்களுக்குப் பச்சை மாமி."

மாமி போனை இறக்கி என் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

இறந்த திகதி இல்லாதவர்கள் எல்லோருக்கும் கணினி பச்சை போட்டுவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடமாக அவர் முகத்தில் நான் காணாத ஒன்று அப்போது இருந்தது. "தெரியாது மாமி," என்றேன்.

"இதைக் கடதாசியில எடு மகள். அந்தக் காணாமற்போனாக்கள்ட ஒஃபிசில கொண்டுபோய்க் காட்டுவம். கறுப்பு வெள்ளையில எடுத்திராத, பச்சை தெரியாமப் போயிடும்."

அடுத்த நாள் காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கலரிலேயே எடுத்துக் கொடுத்தேன்.