இரண்டு துணைமாலை

திருச்சுழி அம்மனுக்குத் துணைமாலை என்று பேர். அதனால் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் பெண் பிள்ளைக்குப் பேர் வைக்க யாரும் நேரம் செலவழித்ததில்லை. கும்பிடுகிறவர்களுக்குத் துணையாக நிற்பவள் என்று அர்த்தம் சொல்வார்கள். நடைமுறையில் அந்தப் பேர் இரண்டு தகவல் தரும்: ஒன்று, இவள் திருச்சுழிப் பக்கம் பிறந்தவள். இரண்டு, வயது ஐம்பதுக்கு மேல். இரண்டாவது என் விஷயத்தில் தப்பு. எனக்கு இருபத்தேழு. எனக்கு முன்னால் பிறந்த பிள்ளை தங்காததால் அம்மா நேர்ந்துகொண்டு வைத்த பேர்.

சென்னையில், நான் வேலை பார்க்கும் சாப்ட்வேர் கம்பெனியில், என்னை மாலா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரையே மாற்றிவிடலாம் என்று மூன்று வருடமாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தொடங்கி பாஸ்போர்ட் வரை எதை எந்த வரிசையில் மாற்றவேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. புதுப் பேர் என்ன என்ற இடம் மட்டும் காலி.

அப்போதுதான் பாலவனத்தத்துச் சம்பந்தம் வந்தது. ஜாதகம் பொருந்தியது. இரண்டு மாதம் போனில் பேசியதில் ஆளும் பொருந்தினார். இடித்தது ஒன்றுதான். அவருடைய அம்மா பேரும் துணைமாலை.

மாமியார் பேர் உள்ள பெண் மருமகளாக வந்தால் பேரை மாற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லையென்றால் மகன் பெண்டாட்டியை ஏசும்போது பெற்ற தாயை ஏசியதாகிவிடும். முதல் சண்டைக்கு முன்பே சண்டைக்கு வழிசெய்து வைக்கிற இந்தத் தொலைநோக்கை எங்கள் கம்பெனியில்கூட நான் பார்த்ததில்லை.

நிச்சயம் பேச வந்த அன்று, மாப்பிள்ளையின் அத்தைதான் எல்லாம் பேசினார். மண்டபம், சமையல், பஸ்ஸு என்று வரிசையாக முடித்துவிட்டு, “பொண்ணு பேரை மகாலட்சுமின்னு மாத்திக்கிருவோம்” என்றார்.

“அதுக்கென்ன, மாத்திக்கிருவோம்” என்றார் அப்பா.

மூன்று வருடமாக என்னால் முடியாததை அவர்கள் அரை டம்ளர் காப்பி குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

“இல்ல, நான் மாத்தல” என்றேன்.

“ஏத்தா, ஒனக்கே இந்தப் பேரு பிடிக்காதுன்னு ஒங்கம்மா சொன்னாகளே?” என்றார் அந்த அத்தை.

“பிடிக்காதுதான்.”

அதற்கு மேல் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. ஆகவே மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டி ஒரு கேள்வி கேட்டேன். “அவுகள வீட்ல எப்பிடிக் கூப்பிடுவீக?”

“பரளச்சிக்காரின்னுதான். எங்காத்தா பேரும் துணைமாலைதான? பரளச்சியிலருந்து இவ வந்தன்னைக்கே மாத்தியாச்சு.”

“அப்ப அந்தப் பேரு சும்மாதான கெடக்கு? நான் வச்சுக்கிட்டா யாருக்கும் கொழப்பமில்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். “வக்கீலுக்குப் படிச்ச பிள்ள கணக்கால்ல பேசுது!” என்றார் யாரோ. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதுவரை வாயே திறக்காமல் மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார்.

“சும்மா கெடக்குன்னு யாருத்தா சொன்னா? அது எம் பேரு.”

என்னிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது தன் நாத்தனாரை. சிரிப்பு நின்றது. என் பேரை அந்த அத்தை என்ன செய்தாரோ, அதையேதான் நானும் இவர் பேருக்குச் செய்திருந்தேன், கொஞ்சம் தர்க்கத்தோடு.

“தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன்.

“நீயும் மாத்த வேணாம். என்னையும் இனி பரளச்சிக்காரின்னு யாரும் கூப்புட வேணாம். ஒரு வீட்ல ரெண்டு துணைமாலை இருந்தா வீடு தீப்பிடிச்சிருமா?”

“அப்ப ஒம் மகன் பொண்டாட்டிய எப்பிடி ஏசுவான்?” என்றார் நாத்தனார்.

“ஏசாம இருக்கட்டும்.”

மாப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த அருப்புக்கோட்டை அச்சகத்திலிருந்து அப்பாவுக்குப் போன். “பொண்ணு பேரும் மாப்பிள்ள அம்மா பேரும் ஒண்ணா வந்திருச்சுண்ணே. எதைத் திருத்த?” ஒன்றையும் திருத்த வேண்டாம் என்றார் அப்பா. அன்று சாயங்காலமே என் வருங்கால மாமியார் என்னைப் போனில் கூப்பிட்டார். அச்சகத்துக்கு நேரிலேயே போய், தன் பேரையும் என் பேர் அளவுக்குப் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிட்டு வந்தாராம். சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

“பெருசாத் தெரியுமோ?”

“தெரியட்டும் அத்தை.”