இடுக்கில் முப்பத்தொரு பேர்

கொசு மட்டையை வீசினால் சட்டென்று ஒரு சத்தமும் கருகல் வாடையும் வருமே, அப்போதெல்லாம் எனக்குப் பத்மா அக்கா ஞாபகம் வந்துவிடுகிறது. பாவம், அவருக்கும் மட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. அவருடைய வௌவால்கள் இருந்தவரை எங்கள் குஷாய்குடா அடுக்ககத்தில் மட்டையே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு ஒன்று உண்டு. அதில் கட்டைவிரல் பருமனில் பூச்சி தின்னும் வௌவால்கள் குடியிருந்தன. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரரான அக்காவுக்கு, பக்கத்துத் தொழிற்சாலையில் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. எதையும் எண்ணாமல் விடமாட்டார். சாயங்காலம் டீயும் கையுமாகப் பால்கனியில் நின்று, வெளியே பறப்பவற்றை எண்ணிக் காலண்டரில் பென்சிலால் குறிப்பார். முப்பத்தொன்று வந்துவிட்டால் அன்றைக்கு முகமே மலர்ந்துவிடும்.

நாற்றம் தாங்கவில்லை, இடுக்கை அடைக்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. செயலாளர் அடியேன். கையெழுத்துப் போட்டால் போதும் என்று நம்பிப் பதவியேற்ற புண்ணியவான்.

"நக்கோ தம்பி, பகல்ல அடைச்சிராதீங்க, உள்ளதான் தூங்கும். சாயங்காலம் எல்லாம் வெளிய போனப்புறம் அடைங்க" என்றார் அக்கா. அவை குடிபோகப் பலகைப் பெட்டி ஒன்று செய்வித்து மொட்டைமாடிச் சுவரில் மாட்டினார். அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தேன். அவரும் நம்பித் தங்கை வீட்டுக்கு விசாகப்பட்டினம் போனார்.

கச்சிபௌலியில் வாரத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்த காலம் அது. அங்கே ஆபீசில் ஒரு மீட்டிங்கின் நடுவே வாட்ச்மேன் மூன்றாவது தடவை போன் செய்தார். மேஸ்திரி வந்திருக்கிறார், ஆரம்பிக்கலாமா என்றார். மணி காலை பதினொன்று. என்ன வேலை என்றுகூட யோசிக்காமல் "ஹவ், ஹவ்" என்று சம்மதம் சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும்போது, கம்பெனி பஸ் உப்பலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. இறங்கி ஓடிப்போய் ஈர சிமெண்ட்டில் காதை வைத்தேன். உள்ளே கீச்சென்று ஏதோ கேட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லியிருக்கலாம். செய்த அசட்டுத்தனத்தை நாலு பேர் எதிரில் ஒப்புக்கொள்ள வெட்கம். மாடியேறி வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றுவரை எனக்கு மன்னிப்பில்லாத படிகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா திரும்பி வந்தார்.

"எல்லாம் வெளிய போச்சா தம்பி? எண்ணினீங்களா?"

"முப்பத்தொண்ணு அக்கா."

சந்தோஷமாகக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

அக்கா ஓய்வுபெற்று மகளோடு புனேவுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. பலகைப் பெட்டியும் உளுத்து விழுந்துவிட்டது. தீபாவளிக்கு போன் செய்தால் தவறாமல் கேட்கிறார்.

"நம்ம ஆளுங்க பெட்டிக்கு வந்தாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"வருவாங்க தம்பி. நீங்கதான் ஒண்ணு விடாம எண்ணி அனுப்பி வச்சீங்களே."