மூக்கம்மாள் உட்கார்ந்த படம்

ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து பறித்த மூக்கம்மாள் லேசில் யாரையும் நம்பிவிடமாட்டாள். மூட்டையை எடை போடும்போது மற்றப் பெண்கள் தராசு முள்ளைப் பார்ப்பார்கள். இவள் எழுதுகிற கையைப் பார்ப்பாள். முள் ஒன்று காட்டும், கை ஒன்று எழுதும் என்பது அவள் கட்சி.

அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது. புருஷன் போனபிறகு லயத்து வீட்டில் அவளும் மகள் மோனிஷாவும்தான். ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து மோனிஷா போனை எடுத்தால் போதும், அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் பெருக்கித் தொலைக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நாளாக மகளிடம் "ம்", "இல்ல" தவிர வேறு பேச்சில்லை. இப்படியே ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாளோ என்று மூக்கம்மாளுக்குப் பயம்.

இப்போது அவள் வேலைக்குப் போகும் ஹோம்ஸ்டேயில் பழைய வெளிநாட்டு அச்சுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒருவன் உட்கார்ந்து வரைகிறான். எதிரே ஒருத்தி பொட்டுத் துணியில்லாமல் நிற்கிறாள். பாவம், அவள் துணியோடுதான் நின்றிருப்பாள், வரைந்தவன்தான் உருவிவிட்டான் என்று மூக்கம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

அங்கே தங்கியிருந்த மலையாளி ஓவியர் பினு ஒருநாள், "சேச்சி, கொஞ்சம் உட்காருங்க, வரையணும்" என்றார். மறுநாள் அவள் கொழுந்துக்குப் போகிற மாதிரி ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு, தலைத்துணி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் நேரே அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அங்க நின்னா எப்படி வரையறது?"

"நீங்க போடுறத நான் பாக்கணும்ல சார். அந்தச் சுவத்துப் பொம்பளை கதி எனக்கு வேணாம்."

பினு சிரிக்கவில்லை. ஒரு பெரிய கண்ணாடியைத் தன் முதுகுப்பக்கம் சாய்த்து வைத்தார். எதிரே உட்கார்ந்த மூக்கம்மாள் கண்ணாடியில் அவர் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். படங்கின் முடிச்சுவரை ஒழுங்காக வந்தது. ஒரு துணியும் குறையவில்லை. ஆனாலும் அவரிடம் விட்டுவைத்தால் பிறகு என்ன செய்வாரோ என்று கையோடு கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் மோனிஷா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரியாப் போட்டிருக்காராடி?"

"அப்படியே இருக்கு. இந்தப் பார்வைதாம்மா. நான் போன் பேசும்போது இப்படித்தான் வந்து நிப்ப. இதுக்குப் பயந்துதான் உன்கிட்ட நான் ஒன்னும் சொல்றதில்ல."

மூக்கம்மாள் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். கண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கையை முழுநேரமும் காவல் காத்தவள் அவளேதான்.